குற்றவியல் நீதி முதுகலைப் படிப்பு: சேர்வதற்கு முன்பிருந்து ஆய்வேடு வரை

தமிழ்நாட்டில் குற்றவியலும் குற்ற நீதி நிர்வாகமும் சேர்ந்த எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. படிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்து முடித்த பிறகு பல வருடங்களாக ஜூனியர்களின் களப்பணிக் குறிப்புகளையும் ஆய்வேடுகளையும் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். திணறுகிறவர்களில் பெரும்பாலோர் படிக்காதவர்கள் இல்லை. வரிசை மாற்றிப் படித்தவர்கள். முதல் மாதத்தில் கோட்பாடு, இரண்டாம் மாதத்தில் புள்ளியியல், நடுவில் ஒரு சிறைப் பார்வை என்று ஓடுவார்கள். ஒரு புகார் மனு தீர்ப்பாக மாறுவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். முதலில் ஒரு வழக்கின் பாதை. மற்ற எல்லாத் தாள்களையும் அதன்மேல்தான் ஏற்ற வேண்டும்.

1. எந்தப் படிப்பு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் இங்கேயே பலர் வழி மாறிவிடுகிறார்கள். குற்றவியல் ஒரு சமூக அறிவியல். குற்றம் ஏன் நடக்கிறது, காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் அதை எப்படிக் கையாள்கின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது என்பதே அதன் கேள்விகள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறைகள் உண்டு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதைச் சமூகப்பணியோடு சேர்த்து நடத்துகிறது.

தடய அறிவியல் வேறு. ரத்தம், நஞ்சு, கைரேகை, துப்பாக்கிக் குண்டு என ஆய்வகத்தில் செய்யும் வேலை அது. வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டம் அதற்கு அடிப்படை. காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் அதற்கான இடம். தமிழ் இலக்கியமோ வணிகவியலோ படித்துவிட்டு, குற்றவியல் எம்.ஏ. முடித்தால் தடய ஆய்வகத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பிச் சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருடத்தில் உண்மை தெரியும்போது அவர்களுக்கு வரும் சோர்வைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

சட்டம் மூன்றாவது. நீதிமன்றத்தில் வாதாட வேண்டுமானால் எல்.எல்.பி. முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டும். குற்றவியல் பட்டம் அந்த உரிமையைத் தராது.

சேர்க்கை விண்ணப்பம் போடும் முன், நீங்கள் போக விரும்பும் வேலையின் பழைய அறிவிப்பு ஒன்றைத் தேடி எடுங்கள். கல்வித்தகுதி என்ற பத்தியில் உங்கள் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான், இரண்டு வருடத்தைக் காப்பாற்றும்.

2. சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதங்கள்

அரசியலமைப்பின் 20, 21, 22 ஆகிய மூன்று பிரிவுகளையும் 39ஏ பிரிவையும் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை படியுங்கள். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பணமில்லாதவருக்கு இலவச சட்ட உதவி கிடைக்க வேண்டும். பின்னால் படிக்கும் நடைமுறைகளில் பாதி இந்த வரிகளிலிருந்துதான் பிறக்கின்றன.

அப்புறம் ஒரு சொல் நோட்டு. இடப் பக்கம் ஆங்கிலச் சொல், வலப் பக்கம் தமிழ்ச் சொல், அதற்குக் கீழே கோர்ட்டில் பேசும்போது சொல்லும் சொல். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். கீழமை நீதிமன்றத்தில் சாட்சி பேசுவது தமிழில். அங்கே நீங்கள் கேட்கப்போவது வாய்தா (வழக்கு தள்ளிவைக்கப்படும் அடுத்த தேதி), பிறழ் சாட்சி (முன்பு சொன்னதை மாற்றிச் சொல்பவர்), மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் குறிப்பு), ரிமாண்ட் (நடுவர் உத்தரவால் காவலில் வைப்பது), பிடிவாரண்ட் போன்ற சொற்களை. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இந்த நோட்டை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். களத்தில் முந்துகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

3. ஒரு வழக்கின் பாதையை வரையுங்கள்

முதல் பருவத்தின் முதல் மூன்று வாரங்களை இதற்குக் கொடுங்கள். பெரிய தாள் ஒன்றில், ஒரு வீட்டில் நகை திருடு போனது முதல் தீர்ப்பு வரை வரிசையாக வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்விகள்: யார் முடிவெடுக்கிறார்? எந்த ஆவணம் உருவாகிறது? எத்தனை நாள் கெடு?

தொடக்கம் புகார் மனு. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் மனுவைப் பெற்றதும் சி.எஸ்.ஆர். ரசீது தரும் வழக்கம் இருக்கிறது. புதியவர்கள் இதை எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான பதிவு. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகுதான் சட்டப்படியான புலன்விசாரணை தொடங்குகிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (அடுத்த படியில் வருகிறது) 173-வது பிரிவில் ஒரு இடைவெளி உண்டு: மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். உங்கள் படத்தில் இந்தக் கிளையையும் வரையுங்கள்.

அடுத்தது புலன்விசாரணை. பார்வை மகஜர், மாதிரி வரைபடம், சாட்சிகளின் வாக்குமூலம், கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் எல்லாம் இங்கே உருவாகின்றன. போலீஸ் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது. ஏன் என்று எல்லாருமே கேட்பார்கள். போலீஸ் எழுதிக்கொண்டதோடு சாட்சியைக் கட்டிப்போடக் கூடாது, அவர் நீதிமன்றத்தில் சொல்வதே சாட்சியம் என்பதுதான் காரணம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பதற்கும் இதே போன்ற அக்கறைதான் அடிப்படை. அதன்வழி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் ஏற்கப்படும். தேர்வில் அதிகம் பேர் தப்புச் செய்யும் இடங்களில் இதுவும் ஒன்று.

பிறகு ரிமாண்ட். 60 நாள், 90 நாள் கணக்கை மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மரணம், ஆயுள், அல்லது பத்து வருடம் அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றமானால் 90 நாட்கள், மற்றவற்றுக்கு 60. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. விசாரணையை இழுத்தடித்துக்கொண்டே ஒருவரை உள்ளே வைத்திருக்க முடியாதபடி சட்டம் போட்ட கதவு அது. அந்தக் காரணம் புரிந்தால் நாள் கணக்கு தானாக நினைவில் நிற்கும்.

குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு வனைதல் (எந்தக் குற்றத்துக்காக விசாரணை என்று நீதிமன்றம் வகுப்பது), சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரிடம்) கேள்வி, வாதம், தீர்ப்பு, தண்டனை அல்லது நன்னடத்தை விடுவிப்பு (சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவது), மேல்முறையீடு. மீதியை நீங்களே வரைந்துவிடுவீர்கள். சிறார் வழக்கின் பாதை வேறு, அதைத் தனித் தாளில் வரையுங்கள்.

4. பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் வந்துவிட்டன. சரி, பழையதை விட்டுவிடலாமா என்றால், கூடாது.

அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். நீங்கள் நீதிமன்றத்தில் போய் உட்காரும்போது 302 என்ற எண்ணும் காதில் விழும், 103 என்ற எண்ணும் விழும். படிக்கப்போகும் தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை பழைய எண்ணில்தான் இருக்கும்.

ஒரு அட்டவணை போட்டு மேசைமேல் ஒட்டுங்கள். கொலை 302, இப்போது 103. கொலை முயற்சி 307, இப்போது 109. மோசடி 420, இப்போது 318. கணவர் வீட்டுக் கொடுமை 498ஏ, இப்போது 85. நடைமுறையில் எஃப்.ஐ.ஆர். 154, இப்போது 173. ரிமாண்ட் 167, இப்போது 187. குற்றப்பத்திரிகை 173, இப்போது 193. கவனியுங்கள், 173 என்ற எண் பழையதில் குற்றப்பத்திரிகை, புதியதில் எஃப்.ஐ.ஆர். தேர்வில் எண்ணை மட்டும் எழுதாமல் சட்டத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

5. காவல் நிலையத்துக்கு முன்பாக நீதிமன்றம்

பல மாணவர்களுக்கு முதலில் காவல் நிலையம் போக ஆசை. நான் நீதிமன்றத்தைத்தான் முதலில் சொல்வேன். அது திறந்த மன்றம், பொதுவாக யாரும் உட்கார்ந்து பார்க்கலாம், கடிதம் வேண்டியதில்லை. அதோடு, காவல் நிலையத்தில் எழுதிய ஒரு வரி நீதிமன்றத்தில் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று பார்த்த பிறகு காவல் நிலையம் போனால்தான் அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும்.

முதல் இரண்டு நாட்கள் நீதித்துறை நடுவர் நீதிமன்றம். ரிமாண்ட், ஜாமீன், வாய்தா எல்லாம் அங்கே வேகமாக ஓடும். பிறகு அமர்வு நீதிமன்றத்தில் ஒரே கொலை வழக்கைத் தேர்ந்தெடுத்து அதன் அடுத்தடுத்த வாய்தாக்களுக்குப் போங்கள். பத்து வழக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதைவிட ஒரே வழக்கைத் தொடர்ந்து பார்ப்பது பல மடங்கு கற்றுத் தரும்.

காலை பத்தரைக்கு முன்பே போய்விடுங்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் வேண்டாம், வழக்கறிஞர் என்று நினைத்து யாராவது கேஸ் கட்டை நீட்டுவார்கள். கைபேசியை அணைத்துப் பையில் வையுங்கள். பெஞ்ச் கிளார்க்கிடம் மாணவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் எங்கே உட்கார வேண்டும் என்று அவரே காட்டுவார். பாலியல் குற்ற வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். வெளியே போகச் சொன்னால் காரணம் கேட்காமல் எழுந்துவிடுங்கள்.

குறிப்பேட்டில் பெயர்களை எழுத வேண்டாம். அரசுத் தரப்பு முதல் சாட்சி என்றால் அ.சா.1. தீர்ப்புகளிலும் இப்படித்தான் வரும். இந்தப் பழக்கம் பின்னால் ஆய்வேட்டில் உங்களைக் காப்பாற்றும்.

6. கோட்பாடுகள் இப்போது

இத்தனைக்கும் பிறகு கோட்பாட்டுத் தாளை எடுங்கள். சதர்லேண்ட், மெர்ட்டன், ஹிர்ஷி என்று கோட்பாட்டாளர்களின் பெயர்களாக மனப்பாடம் செய்யாமல், நீங்கள் பின்தொடரும் அந்த ஒரே வழக்கின்மேல் ஒவ்வொன்றையும் வைத்துப் பாருங்கள்.

கோஹனும் ஃபெல்சனும் 1979-ல் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம். குற்றம் செய்யத் துணிந்தவர், எளிதான இலக்கு, தடுக்க ஆளில்லாத நிலை, மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் நடக்கிறது என்கிறார்கள். ஒரு பேருந்து நிலையத்தின் இரு சக்கர வாகன நிறுத்தத்தில் காலையிலும் இரவிலும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். எந்த நேரத்தில் எந்த மூலையில் மூன்றும் கூடுகின்றன என்று எழுதுங்கள். பிறகு, இந்தக் கோட்பாடு எதை விளக்கவில்லை என்றும் இரண்டு வரி எழுதுங்கள். துணிந்தவர் ஏன் துணிந்தார் என்பதற்கு இதில் பதில் இல்லை. அதற்குத்தான், சமூகம் காட்டும் இலக்குக்கும் அதை அடையக் கிடைக்கும் வழிக்கும் உள்ள இடைவெளியைப் பேசிய மெர்ட்டனிடம் போக வேண்டும்.

7. புள்ளிவிவரத்தை நம்பும் முன்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் இந்தியாவில் குற்றம் என்ற ஆண்டறிக்கை எல்லா ஆய்வேட்டிலும் வரும். பலர் அதன் முன்னுரையைப் படிப்பதே இல்லை. எல்லாத் தவறுகளும் அங்கே தொடங்குகின்றன.

ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் அந்த அறிக்கை அதைக் கொலை என்று மட்டுமே எண்ணும். கடுமையான குற்றம் எதுவோ அதுதான் கணக்கில் ஏறும். அப்படியானால் சிறிய குற்றங்களின் எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும். அடுத்து, அது பதிவான குற்றங்களின் கணக்கு. ஒரு மாநிலத்தில் பெண்களுக்கு எதிரான குற்றம் கூடியிருப்பதாக எண் காட்டினால், குற்றம் கூடியிருக்கலாம், புகார் கொடுக்கும் துணிவு கூடியிருக்கலாம், மனுக்களை மறுக்காமல் பதிவு செய்யத் தொடங்கியிருக்கலாம். எண் மட்டும் மூன்றில் எது என்று சொல்லாது. மாநிலங்களை ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கையை எடுக்காதீர்கள், லட்சம் மக்களுக்கு எத்தனை என்ற விகிதத்தை எடுங்கள்.

சிறைப் புள்ளிவிவர அறிக்கையை இதைவிட அதிகமாகப் பரிந்துரைப்பேன். 2022 அறிக்கையின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வராதவர்கள். மூன்றாம் படியில் நீங்கள் வரைந்த படத்தில் ரிமாண்டுக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அத்தனை பேரும் அந்த அம்புக்குறிக்குள்தான் காத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு, நீண்ட நாள் காத்திருக்கும் விசாரணைக் கைதிகளை விடுவிப்பது பற்றிய, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவைப் படியுங்கள்.

8. களப்பணி

துறைத் தலைவர் கடிதம், அடையாள அட்டை, வருகைக் குறிப்பேடு மூன்றும் கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். காவல் நிலையத்தில் பெரும்பாலும் எழுத்தரிடமே அதிகம் கற்கலாம். பதிவேடுகள் எல்லாம் அவர் கையில்தான்.

சிறைக்கோ, வழக்கில் சிக்கிய சிறார்களை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கோ போகும்போது நீங்கள் பார்வையாளர், விசாரணை அதிகாரி இல்லை. "என்ன கேஸ்ல உள்ள வந்தீங்க?" என்று ஒருவரிடம் முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். சிறார்களிடம் அதை எப்போதுமே கேட்காதீர்கள். எங்களோடு வந்த ஒரு மாணவர் இல்லத்தின் வாசலில் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். பின்னணியில் ஒரு பையனின் முகம். சில நிமிடங்களில் எடுக்கச் சொல்லிவிட்டோம், ஆனாலும் அந்த வருடம் மீதிப் பயணங்கள் நின்றுபோயின. சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு அடையாளத்தை வெளியிடுவதையே குற்றமாக்குகிறது. அந்தப் பையன் வெளியே வந்து பள்ளியில் சேரும்போது அந்தப் படம் அவனுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது.

கூர்நோக்கு இல்லத்தில் நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் சிறாரின் வீடு, பள்ளி, நண்பர்கள் எல்லாம் விசாரித்து எழுத வேண்டிய அறிக்கை அது. கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்து நான்கைந்து முறை எழுதிப் பழகுங்கள். நேர்காணலில் இது பேசும்.

9. ஆய்வேடு: அனுமதி முதலில், தலைப்பு பிறகு

எல்லாரும் தலைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆயுள் கைதிகளின் குடும்ப உறவு பற்றி எழுத ஆசைப்பட்டு, கேள்விப்பட்டியல் எல்லாம் தயார் செய்த பிறகே அனுமதிக்கு விண்ணப்பித்தேன். பதில் வரும்போது ஆய்வேடு ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. கடைசியில் தீர்ப்புகளை வைத்து வேறொரு தலைப்பில் அவசரமாக எழுத வேண்டியதாயிற்று. அந்த வலியால்தான் இந்தப் படியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனவே மூன்றாம் பருவம் தொடங்கியதும் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். அனுமதி வேண்டாத தரவு: இணையத்தில் கிடைக்கும் தீர்ப்புகள், ஆண்டறிக்கைகள், திறந்த நீதிமன்றக் கவனிப்பு. துறைக் கடிதம் போதுமான தரவு: வழக்கறிஞர்கள், தொண்டு நிறுவனங்கள், கல்லூரி மாணவர்களிடம் கேள்விப்பட்டியல். மேலதிகாரி அனுமதி வேண்டிய தரவு: சிறை, கூர்நோக்கு இல்லம், காவல்துறைப் பதிவேடுகள். மூன்றாவது பத்தியில்தான் உங்கள் ஆசை இருக்கிறது என்றால் அன்றைக்கே விண்ணப்பம் அனுப்புங்கள். கூடவே முதல் பத்தியிலிருந்து ஒரு மாற்றுத் தலைப்பையும் வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள்.

தலைப்பைச் சுருக்குங்கள். "தமிழகத்தில் சைபர் குற்றங்கள்" என்பது பத்துப் பேர் பத்து வருடம் செய்ய வேண்டிய வேலை. "ஒரே கல்லூரியில் கடன் செயலி மிரட்டலுக்கு ஆளான மாணவர்கள் ஏன் புகார் கொடுக்கவில்லை" என்பதை ஒருவர் நான்கு மாதத்தில் செய்துவிடலாம்.

பேட்டி கொடுப்பவரிடம் சம்மதம் வாங்குங்கள். நடுவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று வாயாலும் சொல்லுங்கள். சிறையில் இருப்பவர் அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது சரி என்று சொல்வது சம்மதம் ஆகாது. பேட்டியால் ஜாமீனோ சலுகையோ கிடைக்காது, மறுத்தால் எந்தக் கெடுதலும் வராது என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள். பாதிக்கப்பட்டவரிடம் பேசும்போது அவர் அழுதால் ஒலிப்பதிவை நிறுத்துங்கள். உதவி எண்ணும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியும் அச்சடித்து எடுத்துப் போங்கள்.

புள்ளியியல் மென்பொருளான எஸ்.பி.எஸ்.எஸ். வாங்க முடியாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஜமோவியைப் பயன்படுத்தலாம். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு அது போதும்.

10. வேலைக்கான ஏற்பாடு மூன்றாம் பருவத்திலேயே

யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப்பாடமாக இருக்கிறது. ஆசிரியப் பணியும் முனைவர் ஆய்வும் விரும்புகிறவர்கள் அந்தப் பாடத்திட்டத்தை மூன்றாம் பருவத்திலேயே அச்செடுத்து, முடித்த பகுதிகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

சார்பு ஆய்வாளர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அதற்காக மட்டும் இந்தப் படிப்பில் சேர வேண்டியதில்லை. நன்னடத்தை அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்ற இடங்களில் பணி அறிவிப்பு வரும்போது தகுதிப் பத்தியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சமூகப்பணி, உளவியல் என்று மட்டும் போட்டிருந்தால், இணையான பட்டம் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்து, துறையிலிருந்து இணைத்தகுதிச் சான்று கிடைக்குமா என்று விண்ணப்பக் கடைசி நாளுக்கு வெகு முன்பே கேளுங்கள். களப்பணிச் சான்றிதழ்களையும் அந்தந்தப் பருவம் முடிந்த வாரத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட அதிகாரி இடமாற்றலாகிப் போய்விட்டால் பிறகு அலைய வேண்டியிருக்கும்.